இரண்டாவது ரொட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வயது 22. ஒரு வருடத்துக்கு மேலாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தேன். விரதம் என்று சொன்னால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. சாப்பிட்டு முடித்தாலும் பசி அடங்குவதில்லை. ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேனோ என்று பயம். அம்மாவோ, "உன் அம்மாயி பஞ்சத்தில் கிழங்கு தின்று உயிர் பிழைத்தவள், உனக்குச் சோறு கசக்கிறதா?" என்கிறார். தம்பிக்கு மட்டும்தான் முழு விஷயமும் தெரியும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் படபடப்பு. அது வெறும் பயம்தான் என்று நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள். நெடுநாள் அரைவயிற்றோடு இருந்த உடம்புக்குச் சாப்பாடு சட்டென்று கூடினால், இரத்தத்தில் பொஸ்பேட், பொட்டாசியம் போன்றவை இறங்கி இதயத்தைப் பாதிக்கக்கூடும். மெதுவாகக் கூட்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வைத்தியரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடங்காத பசியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கே பேச்செல்லாம் சாப்பாடாகிப்போனது. சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். மறுபடி சாப்பாடு கிடைத்தபோது, வயிறு நிறைந்த பிறகும் பசிக்கிறது என்றவர்கள் உண்டு. அது தணிய மாதக்கணக்கானது, ஆனால் தணிந்தது. ஆகவே உங்கள் பசியைப் பெருந்தீனி என்று திட்டாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பு பாக்கியைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அம்மா சொல்வதும் பொய்யில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்ட பசியை நம் லயங்கள், அந்த வரிசை வீடுகள், இன்னும் மறக்கவில்லை. ஆனால் அம்மாயிக்குச் சோறு கிடைக்கவில்லை. உங்களுக்குத் தட்டில் இருந்தும் இறங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி இந்த நோயை விரட்ட முடியாது, குற்றவுணர்வைத்தான் கூட்ட முடியும். "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டால் போதும் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் தம்பி கேட்கட்டும். கூடவே, வருகிறவர்கள் "உடம்பு வைத்துவிட்டாயே" என்று பாராட்டாக நினைத்துச் சொல்வதையும் அம்மாவே தடுத்தால் நல்லது.

பயம் போன பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பசியையும் பயத்தையும் கேட்காதீர்கள், மணிக்கூட்டைக் கேளுங்கள். கொழுந்துக்குப் போகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் இருக்கிறது அல்லவா, உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும். படபடப்பை வைத்தியரிடம் சொன்ன பிறகும் கிளினிக்கில் இரண்டு ரொட்டி என்றே சொன்னால், படபடப்போடேயே இரண்டாவதையும் சம்பலில் தொட்டுச் சாப்பிடுங்கள். பிறகு வரும் அரை மணி நேரம்தான் கொடியது. கண்ணாடி முன் போகாதீர்கள், தனியாக இருக்காதீர்கள். தம்பியோடு கேரம் விளையாடுங்கள், வாசலில் நின்று பக்கத்துக் காம்பராக்காரரோடு ஊர்க்கதை பேசுங்கள். பயம் ஏறும், நிற்கும், தானாக இறங்கும். முக்கியமாக, சாப்பிட்டதற்கு ஈடுகட்ட அடுத்த வேளையைத் தவிர்க்காதீர்கள். தவிர்த்தால் நாளைக்கு அதே ரொட்டி இன்னும் பெரிதாகத் தெரியும்.

விரதம் இந்த வருடம் வேண்டாம். கந்த சஷ்டியும் வேண்டாம். முருகனுக்கு இதில் கோபம் வராது. வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக் நாளில் தம்பியையும் கூட்டிப்போங்கள். எந்த வேளை கடினமாக இருந்தது, எப்போது படபடத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தம்பியோ ஒரு தாதியோ சொல்லட்டும், அம்மாவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இடையில் தாங்க முடியாமல் போனால் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.