ராத்திரிச் சோறும் காலை டிபன் பாக்ஸும்

கேள்வி: ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பானையிலேயே மூடி வைத்து, காலையில் எலுமிச்சை பிழிந்து தாளித்துப் பையனுக்குக் கட்டிக் கொடுப்பேன். மாமியார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டி ஆறு வருஷம் ஆகிறது. போன ஏப்ரலில் இரண்டு தடவை, மத்தியானம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பள்ளியிலேயே வாந்தி எடுத்துவிட்டான். சோறு ஊசவில்லை, வாடையும் இல்லை. வெயில் கூடிப்போனதுதான் காரணமா, டாக்டர்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: எனக்குச் சோற்றின் மேல்தான் சந்தேகம், அம்மா. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாடை வரவேண்டும் என்பதில்லை. அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. தாளிக்கிற சூடு அதை என்ன செய்துவிடும்?

பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. அதோடு உங்கள் காங்கிரீட் கூரை, பகலில் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கும். போன மே மாதம் என் வீட்டு அடுப்பு மேடையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். ராத்திரி 11 மணிக்கு 33 டிகிரி! 8 மணிக்கு வடித்த சோற்றின் நடுவில் குத்தினால் 41. மேலே தொட்டால் ஆறிய மாதிரிதான் இருந்தது. மாமியார் காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஓட்டு இடுக்கில் காற்று வந்த சமையலறையில் சோறாவது சீக்கிரம் ஆறியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மிஞ்சியதைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரி கரன்ட் நெடுநேரம் போயிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்ட மனசு வராது, தெரியும். அதனால் கோடையில் அரைப்படி குறைத்தே உலை வையுங்கள். டிபன் பாக்ஸுக்குக் காலையில் வடித்ததுதான்.

மறுபடி வாந்தி எடுத்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது துவண்டு கிடக்கிறான் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.