அகலம் எவ்வளவு, காற்று எவ்வளவு: ரோடு பைக் டயர் கேள்வி பதில்

ரோடு பைக் டயர் பற்றிக் கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஒரே விஷயத்தை நாலைந்து பேர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். பதினாறு வருடமாகச் சென்னையில் ஓட்டுகிறேன். 23 மி.மீ அகல டயரில் ஆரம்பித்து இப்போது 30-க்கு வந்திருக்கிறேன். டயரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது: உங்கள் எடை என்ன, கடைசியாக எப்போது காற்று பார்த்தீர்கள்? பாதிப் பேர் இரண்டையும் எழுதவில்லை.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, என் வண்டி 25 டயரோட வந்துச்சு, ரிம் பிரேக். நான் 78 கிலோ. 28 போட்டா வேகம் போயிடும்னு கூட ஓட்டுறவங்க சொல்றாங்க. உண்மையா?

போகாது தம்பி. அந்தப் பயம் வந்த வழி தெரிந்தால் போதும், உங்களுக்கே தெளிந்துவிடும். முன்பெல்லாம் டயரை வழவழப்பான இரும்பு உருளை மேல் ஓடவிட்டுத்தான் சோதித்தார்கள். அதில் காற்று ஏற ஏற உருளும் தடை குறைந்துகொண்டே வந்தது. ஒல்லி டயரில்தான் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) ஏற்ற முடியும், ஆகவே ஒல்லிதான் வேகம் என்று எல்லோரும் நம்பினோம். பந்தயக்காரர்களே வெகுகாலம் 23-தான் ஓட்டினார்கள்.

ஆனால் அந்த உருளையில் பள்ளமும் இல்லை, ஒட்டுப்போட்ட தாரும் இல்லை. நம் ரோட்டில் டயர் கல் மாதிரி இறுகியிருந்தால் ஒவ்வொரு மேடும் வண்டியோடு சேர்த்து உங்களையும் தூக்கிப்போடும். மிதித்த மிதியில் ஒரு பங்கு உங்கள் தொடையிலும் முதுகிலும் அதிர்வாகவே செத்துப்போகும். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பியதும் உள்ளங்கை மரத்துப்போகிறதென்றால் அது அந்த வீணான உழைப்புதான்.

இன்னொன்று. ஒரே அழுத்தத்தில் 25-உம் 28-உம் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 25-இல் அது நீளவாக்கில் இருக்கும், 28-இல் குட்டையாக அகலவாக்கில் இருக்கும். குட்டையாக இருக்கும்போது டயரின் பக்கச் சுவர் குறைவாக மடங்கும். மடங்கி நிமிர்வதில்தான் ரப்பர் சூடாகிச் சக்தியைத் தின்கிறது. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் இன்று 28, 30 என்று ஓட்டுவதற்கு இதெல்லாம் காரணம். எதிர்காற்றைக் கிழிப்பதில் ஒல்லி டயருக்குச் சின்ன லாபம் உண்டு. 40 கி.மீ வேகத்தை மணிக்கணக்கில் பிடித்து நிற்பவர் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது இடம். ரிம் பிரேக், அதாவது சக்கர வளையத்தையே கவ்வும் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் வளைவுக்கு அடியில்தான் முதலில் இடிக்கும். 4 மி.மீ அலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்றை எடுத்து, இப்போதுள்ள டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். ஃபோர்க்கின் உச்சி, பின்சக்கரத்தின் இரு பக்கக் குழாய்கள், அங்கேயும் பாருங்கள். 28 மாட்டிய பிறகும் அந்தக் கீ எல்லா இடத்திலும் தாராளமாகப் போக வேண்டும். டயரில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. ரிம்மின் உள் அகலம் கூடக் கூட டயரும் விரியும். அகல ரிம்மில் 25 என்று போட்டது 27 ஆக நிற்பதை வெர்னியர் அளவுகோல் வைத்தே அளந்திருக்கிறேன். கீ நுழையவில்லை என்றால் நல்ல 25 ஒன்றை வாங்கி, சரியான காற்றில் ஓட்டுங்கள். டயர் ஃபிரேமை உரசினால் பெயிண்ட் மட்டும் போகாது, ஃபிரேமே அறுபடும்.

அம்பத்தூரிலிருந்து: டயர்லயே 120 பிஎஸ்ஐனு எழுதியிருக்கு. அவ்வளவும் அடிக்கணுமா சார்?

என்னை அக்கா என்றே கூப்பிடலாம்.

அது உச்ச வரம்பு. அதைத் தாண்டாதே என்று சொல்கிறார்களே தவிர, அதை அடி என்று சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் சர்வீஸுக்கு விட்ட கடையில் என் வண்டிக்கும் அந்த எண்ணைப் பார்த்தே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நானும் அழுத்திப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த இரும்புத் தகட்டில் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கி, முழங்கை தரையில் தேய்ந்தது. தகடு வழுக்கும்தான். ஆனால் மறுநாள் அதே இடத்தில், 40 பிஎஸ்ஐ குறைத்து மெதுவாகப் போனபோது டயர் பிடித்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் தொடங்கும் கணக்கு இது. ஓட்டுபவர் 68 கிலோ, சாதாரணத் தார் ரோடு, உள்ளே டியூப் என்று வையுங்கள். 25-க்கு முன்னால் 80, பின்னால் 85. 28-க்கு 65, 70. 32-க்கு 52, 57. எடையில் ஒவ்வொரு 5 கிலோ கூடினாலும் 3, 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். பின்சக்கரம்தான் அதிக பாரம் சுமக்கிறது, அதனால் அதற்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல். இங்கிருந்து 3, 3 ஆக இறக்கி ஓட்டிப் பாருங்கள். வளைவில் டயர் தளதளத்தாலோ, பள்ளத்தில் ரிம் 'டக்' என்று தரை தட்டினாலோ போதும், மறுபடி ஏற்றிவிடுங்கள். அப்படித் தட்டும்போதுதான் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்ப் ஒன்று வீட்டில் வேண்டும். ரோடு பைக்கில் பெரும்பாலும் இருப்பது ப்ரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. தெருமுனைப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் வாய் அதற்குப் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டரைச் சீட்டுப் பையில் போட்டுவையுங்கள், அவசரத்துக்கு உதவும்.

பெரம்பூரிலிருந்து: அப்பாவோட பழைய 28 இன்ச் சைக்கிள் டயர் வீட்ல இருக்கு. என் 700சி வண்டிக்குப் போடலாமா?

முடியாது. டயரின் பக்கவாட்டில் இன்னும் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பாருங்கள். 28-622 என்றால் 28 அகலம், ரிம்மில் உட்காரும் விட்டம் 622 மி.மீ. 700சி என்பதும் மலை பைக்காரர்கள் சொல்லும் 29 இன்ச் என்பதும் இதே 622. அப்பா ஓட்டிய 28×1½ டயருக்கு விட்டம் 635. 27.5 என்று விற்பது 584. அந்த மூன்று இலக்கம் ஒத்துப்போனால்தான் டயர் உட்காரும்.

சோழிங்கநல்லூரிலிருந்து: ஓஎம்ஆர்ல மாசத்துக்கு மூணு பஞ்சர். பஞ்சரே ஆகாத டயர் எதுங்க?

பஞ்சரே ஆகாத நல்ல டயர் இல்லை. ஆனால் மாதம் மூன்று என்றால் டயரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதலில் ஓட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள். டியூபைக் கழற்றும்போது வால்வு டயரில் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்று அடையாளம் பண்ணிக்கொண்டால், டியூபில் ஓட்டை உள்ள இடத்தை டயரில் தேடிப் பிடிக்கலாம். பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், இழை மாட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி, தலைமுடி கனம்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் டயருக்குள்ளேயே குத்தி நிற்கும். புது டியூப் போட்டதும் அதையும் குத்தும். மூன்று பஞ்சர் என்று நீங்கள் எண்ணியது ஒரே கம்பியின் வேலையாக இருக்கலாம். டியூபின் உட்பக்கம், ரிம் பக்கமாக ஓட்டை என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்து துளை தெரிகிறது என்று அர்த்தம்.

அதெல்லாம் சரி, கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும்தான் என்றால் டயர் வகை பேசலாம். டயர் என்பது நூல்துணி உறை, நடுவில் ஒரு காப்புப் பட்டை, மேலே ரப்பர். நூல் மெலிதாக, நெருக்கமாக இருந்தால் உறை இளகி நன்றாக உருளும். நூல் தடித்து, ரப்பர் கனத்தால் குத்தைத் தாங்கும், ஆனால் விறைப்பாக ஓடும். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே மாரத்தான் இரண்டும் தாங்கும் பக்கம், மாரத்தான் இன்னும் கனம். விட்டோரியா கோர்சா மாதிரிப் பருத்தி உறை டயர் பந்தயப் பக்கம். கான்டினென்டல் கிராண்ட் பிரீ 5000 நடுவில், வேகத்தை ஒட்டி நிற்கும். தினமும் ஓஎம்ஆரில் ஆபீஸ் போகிறவருக்குப் பின்னால் மட்டுமாவது தாங்கும் வகையைச் சொல்வேன், ஏனென்றால் பஞ்சர் பெரும்பாலும் பின்னால்தான் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈசிஆரில் ஓட்டுபவர் இளகிய டயரின் சுகத்தை அனுபவிக்கட்டும். ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள் என்பது இருவருக்கும். கடல் மணலும் உடைந்த பாட்டிலும் சேர்வது அங்கேதான்.

மேடவாக்கத்திலிருந்து: மழைக்காலம் வருது. பூ டிசைன் போட்ட டயர் வாங்கணுமா?

வேண்டாம். தார் ரோட்டில் வழவழ டயரே போதும். காரின் அகல டயர் தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும், அதற்குத்தான் பள்ளக்கோடுகள். சைக்கிள் டயர் ஒல்லி, அழுத்தம் அதிகம். அது தண்ணீரில் மிதக்க 130 கி.மீ வேகமாவது வேண்டும். நம்மை விழவைப்பது வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, இரும்புத் தகடு, முதல் தூறலில் ஊறிய எண்ணெய். அவற்றின் மேல் எந்தப் பூ டிசைனும் பிடிக்காது. பிரேக்கும் திருப்பமும் இல்லாமல் நேராகக் கடந்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுகிறேன். நனைந்த ரப்பரைக் கண்ணாடி சுலபமாக அறுக்கும், அதனால் மழையில் ஓட்டி வந்ததும் டயரைத் துடைத்து, குத்தி நிற்கும் சில்லுகளை ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் இறங்க வேண்டாம். அடியில் திறந்த குழி இருக்கலாம்.

முகப்பேரிலிருந்து: நான் 95 கிலோ. முதல் தடவையா 200 கி.மீ பிரவே (கெடுவுக்குள்ள முடிக்கிற நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப்போறேன், 13½ மணி நேரம் கெடு. டிஸ்க் பிரேக் வண்டி, 28 இருக்கு. மாத்தணுமா?

மாற்றுங்கள் அண்ணா. உங்கள் வண்டியில் 32-க்கு இடம் இருந்தால் 32 போடுங்கள். 28-இல் உங்கள் எடைக்கு 90 பிஎஸ்ஐ பக்கம் போக வேண்டியிருக்கும், நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு ஒட்டுத்தாரும் இடுப்பில் தெரியும். 32-இல் முன்னால் 68, பின்னால் 73 என்று தொடங்குங்கள். ஒரு டயர் 50, 60 கிராம் கூடும், அது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மாற்றுவதைக் குறைந்தது மூன்று வாரம் முன்பே மாற்றி, அதிலேயே நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இரண்டு டியூப், டயர் லீவர், பேட்ச், பம்ப் எல்லாம் கூடவே வேண்டும். 28-க்கு வாங்கிய டியூபின் அட்டையில் 32 வரை என்று போட்டிருந்தால் அதுவே ஆகும். வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை டியூப் மாற்றிப் பழகுங்கள், ராத்திரியில் அப்படித்தான் மாற்ற வேண்டிவரும்.

அண்ணா நகரிலிருந்து: டியூப்லெஸ் நம்ம ஊர் வெயிலுக்கு சரிவருமா? புது ரிம் ஹுக்லெஸ்னு வேற சொல்றாங்க.

டயர் அகலம் 30-க்கு மேல், வாரம் மூன்று நாலு தடவை ஓட்டுபவர் என்றால் சரிவரும். சின்னக் குத்தெல்லாம் உள்ளே ஊற்றும் சீலன்ட் என்ற அடைப்புத் திரவமே அடைத்துவிடும், காற்றையும் இன்னும் இறக்கலாம். ஆனால் நம் வெக்கையில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஊற்றுகிற பொறுமை வேண்டும். மாதம் ஒருமுறை வண்டியை எடுப்பவர் டியூபோடு இருக்கட்டும்.

ஹுக்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி கிடையாது. அதனால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் ஒருபோதும் அடிக்கக் கூடாது. ரிம் தயாரித்தவர் பொருந்தும் என்று பட்டியலிட்ட டியூப்லெஸ் டயரை மட்டும் போடுங்கள். ஒல்லி டயரோ, அதிக எடையோ என்றால் அந்த ரிம்மே வேண்டாம் என்பேன்.

தாம்பரத்திலிருந்து: மத்தியானம் வெயில்ல நிறுத்தினா டயர் வெடிக்குமா?

25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்தது 45 டிகிரி ஆனால் 86 பக்கம் ஏறும், அவ்வளவுதான். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெடித்தால் விளிம்பு சரியாக உட்காராமல் டியூப் வெளியே பிதுங்கியிருக்கும், அல்லது பக்கச் சுவர் கிழிந்திருக்கும். வருடக்கணக்கான வெயில் வேறு விஷயம், அது ரப்பரை வெடிப்பு விடச் செய்யும். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்குவதாக இருந்தால் டயரை மடித்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: பின் டயர் தேஞ்சுடுச்சு, முன்னாடி நல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் வாங்கலாமா அக்கா?

தாராளமாக. பின்டயர்தான் இரண்டு மூன்று மடங்கு வேகமாகத் தேயும். ஆனால் புதியதைப் பின்னால் போடாதீர்கள். முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். நடுப்பகுதி தட்டையாகிச் சதுரமாகத் தெரிந்தாலோ, துணி இழை எட்டிப்பார்த்தாலோ மாற்ற வேண்டும். கான்டினென்டலில் இரண்டு சின்னக் குழி இருக்கும், அவை மறைந்தால் அதன் காலம் முடிந்தது. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையைப் பார்த்து மாட்டுங்கள். கழற்றிய பழைய டயரைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் நல்ல இடமாகப் பார்த்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிச் சீட்டுப் பையில் வையுங்கள். நடுவழியில் பக்கச் சுவர் கிழிந்தால் அதை உள்ளே வைத்து, டியூபைப் போட்டு, குறைந்த காற்றில் வீடு வந்து சேரலாம். முட்டுக்காடு பாலத்திலிருந்து வீடுவரை ஒருமுறை அப்படித்தான் வந்தேன்.