பூட்ஸுக்குள் ஊறும் கால்

கத்திரி வெயில் நெருங்குகிறது என்பதற்கு வாசகர் கடிதங்களே சாட்சி. பைக் ஓட்டுகிறவர்களிடமிருந்து சாக்ஸ் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவை மட்டும்.

கே: தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பைக்கில் வேலைக்கு வருகிறேன். வெயிலுக்குக் காட்டன்தான் நல்லது என்று நூறு சதவீதக் காட்டன் சாக்ஸாகப் பார்த்து வாங்கினேன். மாலையில் ஷூவைக் கழற்றினால் கால் ஊறி வெளுத்துப்போய் இருக்கிறது. குதிகாலில் கொப்புளம் வேறு. எங்கே தப்பு?
(வாசகர், திருமங்கலம்)

ப: சட்டைக்குச் சரியான கணக்கைச் சாக்ஸுக்கும் போட்டுவிட்டீர்கள். காட்டன் சட்டை வியர்வையைக் குடித்தாலும் மேலே காற்று படுவதால் காய்ந்துகொண்டே இருக்கும். ஷூவுக்குள் அந்தக் காற்றுக்கு வழியில்லை. பஞ்சு நூலின் சுபாவமே ஈரத்தை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்வது. சும்மா காற்றில் கிடக்கும்போதே நூறு கிராம் பஞ்சு ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரைக் கிராம்கூட வைத்திருக்காது. வியர்வையில் நனைந்த காட்டன் சாக்ஸ் தொய்ந்து, மடிப்பு மடிப்பாகக் குதிகாலில் வந்து சேர்கிறது. தோலும் ஊறி மிருதுவாகிவிட்டது. திருநகரிலும் பழங்காநத்தத்திலும் நெரிசலில் காலை ஊன்றி ஊன்றி எடுக்கும்போது அந்த மடிப்பு தேய்க்கிறது. கொப்புளம் அப்படித்தான் வருகிறது.

அதற்காக வழுவழுவென்ற முழு நைலானுக்குத் தாவ வேண்டாம். மெல்லிய மலிவு நைலான், வியர்வையைத் தோலிலேயே நிறுத்திவிடும். கலப்பு நூல்தான் உங்களுக்குத் தேவை. லேபிளில் பாலியெஸ்டரும் நைலானுமாகப் பாதிக்கு மேல், பருத்தி 30 முதல் 40 சதவீதம், இழுத்தால் நீளும் நூலான ஸ்பாண்டெக்ஸ் 2 முதல் 5 சதவீதம் இருந்தால் மதுரை வெயிலுக்கு ஒத்துவரும். ஸ்பாண்டெக்ஸை எலாஸ்டேன் என்றும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. நைலானைப் பாலியமைடு என்பார்கள். கையில் காசு இருந்தால் மெல்லிய மெரினோ கம்பளி கலந்ததை வாங்கலாம். கம்பளி என்றதும் ஸ்வெட்டரை நினைத்து மிரள வேண்டாம். மெரினோ இழை மிகச் சன்னமானது. வியர்வை ஆவியாக இருக்கும்போதே உறிஞ்சிக்கொள்ளும், நாற்றமும் குறைவு. ‘மூங்கில்’ என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் நூல். தொட்டால் பட்டுப்போல இருக்கும். நனைந்தால் பலம் குறையும், குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும்.

தெருவோரம் ‘மூணு ஜோடி நூறு’ என்று கூவி விற்பதில் லேபிளே இருக்காது. வாங்கிவிட்டீர்களென்றால் உள்பக்கம் தொங்கும் ஒரு நூலை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பல் உதிர்ந்தால் பஞ்சு. முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோல் கெட்டியான மணி நின்றால் பாலியெஸ்டரோ நைலானோ. கலப்பு நூலில் சாம்பலும் மணியும் சேர்ந்தே வரும்.

நூலைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது அளவில். ‘ஃப்ரீ சைஸ்’ என்பது யாருடைய காலுக்கும் சரியான சைஸ் கிடையாது. சாயங்காலம், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், சுவரோடு குதிகாலை ஒட்டித் தாள்மேல் நின்று, நீண்ட விரல் நுனிவரை செ.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள். கடையில் சாக்ஸின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, விரல் நுனியில் ஓடும் தையலை நகத்தால் தடவுங்கள். கயிறுபோல் தடித்திருந்தால் ஷூவுக்குள் அது சுண்டுவிரலை அறுக்கும். குதிகாலுக்கென்று தனியாகக் குழி வைத்துப் பின்னியிருக்க வேண்டும். நேர்க்குழாய்போல் பின்னிய சாக்ஸ் நடக்க நடக்கச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியாக, குதிகால் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மற்ற இடங்களைவிட அங்கே வெளிச்சம் குறைவாக ஊடுருவினால்தான் அந்த இடத்தில் நூல் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கே: சாப்பாடு டெலிவரி வேலை. தினம் பத்து மணி நேரம் வண்டியில். ராத்திரி ஷூவைக் கழற்றினால் வீட்டில் யாரும் கிட்டே வர மாட்டேன் என்கிறார்கள். பவுடர் போட்டும் பலனில்லை.
(வாசகர், கோரிப்பாளையம்)

ப: வியர்வைக்கு அநேகமாக வாசனையே கிடையாது. அதைத் தின்று பெருகும் பாக்டீரியாதான் நாற்றத்தை உண்டாக்குகிறது. அதற்கு வேண்டிய ஈரத்தையும் சூட்டையும் பத்து மணி நேரம் நீங்கள் விடாமல் கொடுக்கிறீர்கள். பவுடரை அள்ளிக் கொட்டினால் அது வியர்வையோடு சேர்ந்து மாவாகி விரல் இடுக்கில் உருளும். அதுவும் உறுத்தல்தான்.

ஒரே நாளில் இரண்டு ஜோடி மாற்றுங்கள். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று, நாலு மணிக்கு ஷூவைக் கழற்றிக் காலைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, உலர்ந்த சாக்ஸ் போடுங்கள். போடுவதற்கு இரண்டு, துவைப்பதில் இரண்டு, காய்வதில் இரண்டு என்று பார்த்தால் ஆறு ஜோடி கைவசம் வேண்டும். ஆறும் ஒரே நிறம், ஒரே ரகமாக வாங்கினால் ஒன்று கிழிந்தாலும் மற்றது வீணாகாது. ஷூ உள்ளே முழுசாகக் காய ஒரு நாளாவது ஆகும். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றுதான் என்றால் இரவில் உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வையுங்கள்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், அழுக்கு அங்கேதான். வாசனைக்காகக் கடைசியில் விடும் துணி மிருதுவாக்கும் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது நூல்மேல் மெழுகுபோல் படிந்து ஈரம் பரவும் வழியை அடைக்கிறது. நிழலில் காயப்போடுங்கள். கொடும் வெயிலும் கொதிநீரும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும்.

ஒன்று கவனிக்க: நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக உரிந்து அரித்தால் அது பூஞ்சைத் தொற்று, சேற்றுப்புண். அதற்குச் சாக்ஸ் மாற்றுவது மட்டும் போதாது, மருந்து போட வேண்டும். அது ஆறும் வரை அந்தச் சாக்ஸுகளைத் தனியாகச் சுடுநீரில் துவையுங்கள். எலாஸ்டிக் கொஞ்சம் சீக்கிரம் போனாலும் பரவாயில்லை.

கே: புல்லட் வைத்திருக்கிறேன். கணுக்கால் வரை உள்ள குட்டை சாக்ஸ் போடுகிறேன். வலது கால் தீய்கிறது. நீளமான சாக்ஸ் போட்டால் இன்னும் சூடாகாதா?
(வாசகர், உசிலம்பட்டி)

ப: ஆகாது. காற்றால் குளிரும் இன்ஜினின் வெப்பக்காற்று நேரே வெறுந்தோலில் படுவதுதான் உங்களுக்குத் தீய்கிறது. நடுவே ஒரு மெல்லிய துணி இருந்தால் அந்த அனல் குறையும். ஆடுசதையின் பாதிவரை வரும் சாக்ஸ் எடுங்கள். பூட்ஸ் போடுகிறவர்களுக்கு அளவு எளிது: பூட்ஸ் விளிம்புக்கு மேலே இரண்டு விரல்கடை சாக்ஸ் தெரிய வேண்டும். இல்லையென்றால் விளிம்பே தோலை உராயும். முட்டிக் கவசம் கட்டுகிறவர்கள், அதன் பட்டையும் சாக்ஸின் எலாஸ்டிக்கும் ஒரே இடத்தில் அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நூல் விஷயத்தில் இங்கே வேறு கணக்கு. நைலானும் பாலியெஸ்டரும் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகும். இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் பெண்ட் பைப் அதைவிட அதிகமாகச் சூடேறக்கூடியது. செயற்கை நூல் அதில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பஞ்சும் கம்பளியும் கருகுமே தவிர உருகாது. ஆகவே திருமங்கலம் வாசகருக்குச் சொன்ன கலப்பை நீங்கள் அப்படியே எடுக்க வேண்டாம். கம்பளியோ பருத்தியோ பாதிக்கு மேல் இருப்பதைப் பாருங்கள், மேலே முழுநீளப் பேன்ட் இருக்கட்டும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம். ஒட்டிய துணியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், அது மருத்துவர் வேலை.

கே: எப்போதும் இடது சாக்ஸில் மட்டும் பெருவிரல் பக்கம் ஓட்டை விழுகிறது. ஏன்?
(வாசகர், மேலூர்)

ப: கியர் லிவர். அதை மேலே தூக்கும் ஒவ்வொரு தடவையும் பெருவிரல் ஷூவின் மேல்தோலில் முட்டுகிறது. விரல் பகுதியில் இரட்டை நூல் போட்ட சாக்ஸ் வாங்குங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். லிவர் தாழ்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் ஒரு பல் ஏற்றி மாட்டச் சொல்லலாம். வலது கியர் வைத்த பழைய புல்லட்காரர்களுக்கு இதே ஓட்டை வலது சாக்ஸில் விழும்.

கே: ஸ்கூட்டர் ஓட்டும்போது ஷூ, சாக்ஸ் போட ஆசைதான். மெட்டி இரண்டே நாளில் சாக்ஸைக் கிழித்துவிடுகிறது. கழற்றவும் மனமில்லை.
(வாசகி, அனுப்பானடி)

ப: கழற்ற வேண்டியதில்லை, மெட்டியின் வடிவத்தை மாற்றினால் போதும். பூ, முத்து, சலங்கை வைத்த மெட்டிகள்தான் நூலில் மாட்டி இழுக்கும். ஓட்டுகிற நாட்களுக்கு வழுவழுப்பான கம்பி மெட்டி போடுங்கள். வெள்ளி மெட்டியின் திறந்த முனைகள் சேருமிடம் கூராக இருந்தால் ஆசாரியிடம் கொடுத்து அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். அதுவரை, காயத்துக்கு ஒட்டும் காகித டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். ஐந்து விரலும் தனித்தனியாக வரும் சாக்ஸ் உங்களுக்குச் சரிவராது, மெட்டி உள்ள விரல் பிதுங்கும். முன்பக்கம் அகலமான ஷூவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒடுக்கமான ஷூவில் மெட்டி பக்கத்து விரலை அழுத்தும், விரல் வீங்கும், வீங்கியபின் மெட்டி கழலாது.

கொலுசு சாக்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே போனால் திருகாணி தோலில் பதியும்.

பெருவிரல் மட்டும் பிரிந்த சாக்ஸைச் செருப்போடு போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வெயிலில் கால் கறுக்காமலிருக்க அது உதவும், அவ்வளவுதான். செருப்புக்குள் வழுக்கும். சிக்னலில் திடீரென்று காலை ஊன்றும்போது பாதம் நழுவினால் வண்டி சாயும்.

கே: டிசம்பரில் நண்பர்களோடு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறோம். இரண்டு கனத்த சாக்ஸ் போட்டால் குளிர் தாங்குமா?
(வாசகர், வாடிப்பட்டி)

ப: ஷூவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குளிரைத் தடுப்பது துணிக்குள் அடைந்திருக்கும் காற்று. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு கனத்த சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். விரல்கள் முன்னைவிட விறைக்கும். சாக்ஸ் போட்ட பிறகும் ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் கீழே இருப்பதைவிட 12, 13 டிகிரி குறைவாகத்தான் மேலே இருக்கும். ஓட்டும்போது எதிர்க்காற்று வேறு. மெல்லிய செயற்கை நூல் சாக்ஸ் ஒன்று உள்ளே, அதன்மேல் நடுத்தரக் கனத்தில் கம்பளி சாக்ஸ் ஒன்று. இதுதான் சரியான அடுக்கு. இரண்டுக்கும் இடையில் உராய்வு நடப்பதால் தோலும் தப்பிக்கும். ஆனால் இதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். வத்தலக்குண்டு வரைக்குமான சமவெளியிலேயே கால் வியர்த்துவிடும், அந்த ஈரம் மேலே போனதும் ஐஸாகக் கடிக்கும். மெல்லியதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். மலை ஏறும் வழியில் டீ குடிக்க நிற்கும்போது உள் சாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். ஈரமென்றால் மாற்றிவிட்டு, பிறகு கம்பளியை மேலே போடுங்கள்.

கே: ஐப்பசி மழையில் ஷூவுக்குள் தண்ணீர் போகாத சாக்ஸ் உண்டா? பிளாஸ்டிக் கவர் சுற்றலாமா?
(வாசகர், நத்தம்)

ப: உண்டு. இரண்டு துணிக்கு நடுவே நீர் புகாத சவ்வு வைத்துத் தைத்தது. ஆனால் தண்ணீர் அதன் மேல்விளிம்பைத் தாண்டினால் உள்ளே நிரம்பிக் குடமாகிவிடும், பேன்ட்டிலிருந்து வழிந்தும் இறங்கும். மழைக்கோட்டின் கால்பகுதி ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் அரை மணி நேரத்துக்குத் தாங்கும்: முதலில் சாக்ஸ், அதன்மேல் கவர், பிறகு ஷூ. அதற்குமேல் போனால் மழைக்குப் பதில் வியர்வையில் நனைவீர்கள். சீட்டுக்கடியில் உலர்ந்த ஜோடி ஒன்றைப் பையில் கட்டி வைப்பது இவை இரண்டையும்விட மலிவு.

கே: அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. தோட்டத்துக்கு மொபெட்டில்தான் போவார். கால் மரத்திருக்கிறது என்கிறார். இறுக்கமான சாக்ஸ் போடலாமா?
(வாசகர், சோழவந்தான்)

ப: கூடாது. மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, உறுத்தலும் தெரியாது. மேல்பட்டி இறுக்காத, உள்ளே தையல் தடிக்காத, பாதத்தில் மெத்தைப் பின்னல் உள்ள சாக்ஸ் வாங்குங்கள். வெள்ளையோ வெளிர் நிறமோ எடுங்கள்; புண்ணிலிருந்து கசிந்தால் கறை உடனே தெரியும். கழற்றி அரை மணி கழித்தும் காலில் பள்ளமான தடம் இருந்தால் அந்தச் சாக்ஸ் வேண்டாம். ரத்த ஓட்டத்துக்கு என்று விற்கும் அழுத்த சாக்ஸை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. ஷூ மாட்டுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. இரவில் அவர் உள்ளங்காலை நீங்களே விளக்கடியில் பாருங்கள். கொப்புளமோ, வெட்டோ, நிற மாற்றமோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டும்.

கே: ஒரு சாக்ஸ் எத்தனை நாள் வரும்?
(வாசகர், சிம்மக்கல்)

ப: நாள் கணக்கு வேண்டாம். ஓட்டும்போதே கீழே இறங்கி ஷூவுக்குள் புகுந்தால், அல்லது குதிகால் பகுதிக்குள் விரலை விட்டுப் பார்க்கும்போது தோல் நிறம் தெரிந்தால், அது முடிந்தது. தைத்துப் போட்டால் தையல் முடிச்சே கொப்புளம் போடும். பழையதைக் கைக்கு மாட்டிக்கொண்டு செயின் துடைக்கலாம். ஆனால் இன்ஜினை அணைத்து, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் உருட்டித்தான் துடைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது துடைத்தால் சாக்ஸோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும்.