டயாலிசிஸ் லைனுக்கு லாக் போடுவது: கேட்டதும் சொன்னதும்

டாக்டர், அப்பாவுக்குக் கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸுக்காக ரத்தநாளத்துக்குள் வைக்கும் குழாய்) இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்ததும் அதில் மருந்து ஏற்றி மூடுகிறார்கள். எதற்கு?

அடுத்த டயாலிசிஸ் வரை இரண்டு மூன்று நாள் அந்தக் குழாய் சும்மா கிடக்கும். உள்ளே ரத்தம் நின்றால் உறைந்துவிடும். அதற்காக நிரப்பி வைப்பதுதான் லாக், பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின். ஆனால் ஹெபரின் உறைவதை மட்டுமே தடுக்கும், கிருமியைக் கொல்லாது. மூடி திறக்கும்போது உள்ளே போகும் கிருமி குழாயின் உள்சுவரில் ஒட்டி, வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக் அதை எளிதில் எட்டாது. கிருமிநாசினி கலந்த லாக், படலம் கட்டும் முன்பே அந்த இடத்தில் வேலை செய்கிறது.

எங்கள் யூனிட்டில் எல்லோருக்கும் குழாயின் சிவப்பு, நீலம் என்ற இரண்டு பக்கத்துக்கும் தலா 2 மில்லி லாக் போடுகிறோம். சரிதானே சார்? (டெக்னீஷியன்)

சரியில்லை தம்பி, இன்றே மாற்றுங்கள். ஒவ்வொரு லூமெனின் (ஒரு பக்கத்து உள்வழியின்) கொள்ளளவும் அதன் கிளாம்பிலோ (அழுத்தி மூடும் கவ்வி) ஹப்பிலோ (மூடி போடும் வெளிமுனை) அச்சிட்டிருக்கும். சிவப்பில் 1.6 மில்லி, நீலத்தில் 1.7 மில்லி என்று இருந்தால் அதைத்தான் ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றியது நேரே இதயத்துக்குப் போகும். குறைந்தால் நுனியில் மருந்து இருக்காது, அங்கே ரத்தம் உறையும். சரியான அளவு ஏற்றினாலும் நுனித் துளைகள் வழியாகக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் அடர்த்தி முக்கியம். மில்லிக்கு 5000 யூனிட் உள்ள ஹெபரினில் 2 மில்லி என்றால் ஒரு பக்கத்துக்கே 10,000 யூனிட். அடுத்த முறை யாராவது அதை உறிஞ்சி எடுக்காமல் உள்ளே தள்ளிவிட்டால் ரத்தக்கசிவு வரும். மில்லிக்கு 1000 யூனிட் போதும்: மில்லிக்கு 5000 யூனிட் உள்ள ஹெபரின் 1 மில்லியோடு சலைன் 4 மில்லி.

போடும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள். (செவிலியர்)

சிஸ்டர், நோயாளிக்கும் உங்களுக்கும் மாஸ்க். கை கழுவி கையுறை. கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகும். ஹப்பை மரை உட்பட ஆல்கஹால் பேடால் 15 நொடி அழுத்தித் தேய்த்து உலர விடுங்கள். உலரும் முன் இணைத்தால் தேய்த்ததில் பாதிப் பயன் போய்விடும். தேய்த்த ஹப்பைத் துணிமேல் வைக்காதீர்கள். லூமெனுக்கு 10 மில்லி சலைனை விட்டு விட்டுத் தள்ளி ரத்தத்தைக் கழுவி, குமிழி நீக்கிய லாக்கை மெதுவாக ஏற்றுங்கள். பிஸ்டனை அழுத்திக்கொண்டே கிளாம்பை மூட வேண்டும். கையை எடுத்துவிட்டு மூடினால் ரத்தம் பின்னேறி நுனியில் நிற்கும். புதிய மூடி போட்டு, எந்த மருந்து, எவ்வளவு என்று லேபிள் ஒட்டுங்கள். அடுத்த முறை முதல் வேலை, பக்கத்துக்கு 3 முதல் 5 மில்லி உறிஞ்சிக் கொட்டுவது.

லாக்குக்கு எந்த மருந்து நல்லது? (பயிற்சி மருத்துவர்)

என் தேர்வு டாரோலிடின் என்ற கிருமிநாசினி. இது ஆன்டிபயாடிக் இல்லை என்பதால் எதிர்ப்புத்திறன் பற்றிய கவலை குறைவு. மில்லிக்கு 13.5 மில்லிகிராம் டாரோலிடினும் 1000 யூனிட் ஹெபரினும் சேர்ந்த லாக்குக்கு, ஹீமோடயாலிசிஸ் செய்யும் பெரியவர்களுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. ஹெபரினால் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு இது ஆகாது, அவர்களுக்கு உறைதலைத் தடுக்கும் வேறொரு மருந்தான 4 சதவீத சிட்ரேட். 46.7 சதவீத சிட்ரேட் பக்கமே போகாதீர்கள். ரத்தத்தில் கலந்தால் கால்சியத்தைப் பிடித்து இதயத்தை நிறுத்திவிடும். 2000இல் ஒரு மரணத்துக்குப் பின் எஃப்டிஏ எச்சரித்தது. ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் மலிவு, தொற்றையும் குறைக்கும், ஆனால் மாதக்கணக்கில் கசிந்தால் காது பாதிக்கலாம், எதிர்ப்புள்ள கிருமியும் வளரும். 70 சதவீத எத்தனால் சில பாலியூரித்தேன் குழாய்களை நலிவடையச் செய்யும். ஹெபரினோடு சேர்ந்தால் வீழ்படிவாகி அடைக்கும்.

லாக் போட்ட லைனிலிருந்து ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கலாமா?

உறைதல் பரிசோதனைக்கு வேண்டாம், ஹெபரின் ஒட்டியிருந்து தவறான அளவு காட்டும்.

டயாலிசிஸ் தொடங்கியதும் குளிர் நடுக்கம் வருகிறது. லாக்கை மாற்றினால் போதுமா?

போதாது. முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, உடனே ரத்தத்தில் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். லாக் திரவத்தைக் கொட்டிவிட்டுத்தான் கல்ச்சருக்கு எடுக்க வேண்டும், அது கலந்தால் கிருமி வளராமல் போகலாம். கல்ச்சரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா ஆகிய கிருமிகளில் ஏதாவது வந்தால் லைனைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எடுத்துவிடுங்கள்.