வாசகர் கேள்வி பதில்: பாலைவனச் சாலையில் கேரவன்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மகன் தன் காரையும், அது இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியான கேரவனையும் தருகிறான். நானும் மனைவியும் உலுரு பாறை, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் வரை போகத் திட்டம். ஓட்டிப் பழகியபோது 90 கி.மீ. வேகத்தில் கேரவன் வாலாட்டியது. ஏன்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பெரும்பாலும் சுமை வைத்த இடம்தான் காரணம். கேரவன் காரின் கொக்கி மேல் அழுத்தும் எடை, சுமை ஏற்றிய மொத்த எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடு இருக்க வேண்டும். 2,000 கிலோ என்றால் 200 கிலோ. பின்னால் இரண்டு சைக்கிள், கூடுதல் டயர், கருவிப்பெட்டி என்று மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் பக்கக் காற்றடித்தாலோ, பல இணைவண்டிகளை இழுத்துவரும் 53 மீட்டர் நீள லாரியான ரோட் டிரெயின் உரசுவதுபோல் கடந்தாலோ ஆட்டம் தொடங்கிவிடும்.

கனமானவை எல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும். மேல் அலமாரிக்குப் போர்வையும் பிஸ்கட்டும் போதும். தண்ணீர்த் தொட்டி எங்கே என்று குனிந்து பாருங்கள். அது அச்சுக்கு முன்னால் இருந்தால், தண்ணீர் தீரத் தீரக் கொக்கி எடையும் குறையும். காலையில் சரியாக ஓடிய வண்டி மறுநாள் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் வெட்டி ஒடிக்காதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் உள்ள கேரவன் பிரேக் பொத்தானைக் கையால் அழுத்துங்கள். கேரவன் மட்டும் பிரேக் பிடித்துத் தானே நேராகும். மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம் என்று விட்டுவிடாமல், புறப்படுமுன் எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: எரிபொருள், தண்ணீர் எவ்வளவு வேண்டும்?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 1,500 கி.மீ.க்கும் மேல். நம் பிளஸ் நெடுஞ்சாலை ஓய்வுத்தளக் கணக்கு அங்கே செல்லாது. சில பகுதிகளில் 250 கி.மீ. வரை எண்ணெய் நிலையமே இல்லை. கேரவன் இழுக்கும் டீசல் கார் 100 கி.மீ.க்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும், எதிர்காற்றில் இன்னும் அதிகம். 18 லிட்டர் என்று வைத்தால் அந்த 250 கி.மீ.க்கு மட்டும் 45 லிட்டர். பாதித் தொட்டி ஆனதுமே நிரப்பிவிடுங்கள். இரவில் பல ரோட்ஹவுஸ்கள் (எண்ணெயும் உணவும் விற்கும் சாலையோர நிலையங்கள்) மூடிவிடும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். இருவருக்கு மூன்று நாளைக்கு 60. அதில் 20 லிட்டரைத் தனித் தோம்பில் காருக்குள் வையுங்கள். கல் தெறித்துக் கேரவனின் அடிக்குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் சாலையோடு போய்விடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? மலேசிய உரிமம் போதுமா? வழியில் வண்டி நின்றுவிட்டால்?
– வாசகர், செந்தூல்

பதில்: மே முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும். மாலை 5 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். அந்தி நேரத்தில்தான் கங்காருகள் சாலைக்கு வரும். உரிமத்தோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தரும் அனைத்துலக அனுமதியும் கையில் இருக்கட்டும். ஊர்களை விட்டு விலகினால் கைப்பேசி வேலை செய்யாது, ஆகவே செயற்கைக்கோள் வழி அவசர சமிக்ஞை தரும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். வண்டி நின்றால் அதை விட்டு நடக்கவே நடக்காதீர்கள். ஆளைவிட வண்டி வானிலிருந்து எளிதில் கண்ணில் படும்.

கேள்வி: கறிவேப்பிலை, தோசை மாவு கொண்டு போகலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். மசாலாத்தூள் வைத்திருந்தால் நுழைவு அட்டையில் மறைக்காமல் குறியுங்கள். மாவை அங்கே அரைத்தாலும், ஜூன் இரவுகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூஜ்யம் டிகிரி வரை இறங்குவதால் சரியாகப் புளிக்காது. ரவையும் சப்பாத்தி மாவும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் கேஸ் மிச்சமாகும். கேஸில் ஓடும் குளிர்பெட்டி, கேரவன் சாய்ந்து நின்றால் குளிராது. நிறுத்தியதும் மட்டம் பாருங்கள். ஓட்டும்போது கேஸை மூடி, பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள்.