முன்தோல் நீக்கம்: அமெரிக்காவில் இருக்கும் டி.ஓ. மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: குழந்தையைப் பார்க்கும் டாக்டரின் பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லை, டி.ஓ. என்று இருக்கிறது. முழு டாக்டர்தானா?

ஆமாம், நானும் டி.ஓ.தான், அதாவது ஆஸ்டியோபதி மருத்துவம் படித்தவன். 1892இல் மிசூரியின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியின் வழி. அமெரிக்காவில் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் எங்களுக்கும் அதே உரிமை. தசை, மூட்டுகளைக் கையால் சரிசெய்யும் பயிற்சி கூடுதல்.

கேள்வி: பிரசவமான மறுநாளே நர்ஸ் படிவத்தை நீட்டி, பையனுக்கு ஆணுறுப்பின் முன்தோலை நீக்கலாமா என்றார். எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மறுத்தால் தப்பா?

தப்பே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் சொன்னது இதுதான்: பலன் ஆபத்தைவிட அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு செய்யட்டும். இதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

அதே கழகத்தின் அறநெறிக் குழு 1995இல் சொன்னதுதான் எனக்கு முக்கியம். சம்மதம் என்பது ஒருவர் தன் உடம்புக்குத் தானே தருவது. பெற்றோர் தருவது அனுமதி மட்டுமே. நிமோனியாவில் மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்த அனுமதி போதும், தள்ளிப்போட முடியாது. முன்தோல் விஷயம் அப்படி அவசரமில்லை. பெரியவனானதும் அவனே கேட்டுச் செய்துகொள்ளலாம். அப்போது வலியும் செலவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்பது உங்கள் படிப்பின் கொள்கை. அப்படியானால் இந்த அறுவையைச் செய்வது உங்களுக்குத் தடையா?

இல்லை. செய்கிற டி.ஓ.க்களும் உண்டு. ஆனால் அமைப்பும் செயலும் பிணைந்தவை என்று படித்தவன், நரம்பு நிறைந்த தோலை உபரிச் சதை என்று சொல்ல மாட்டான். பிறக்கும்போது அது ஒட்டித்தான் இருக்கும், வருடங்கள் போகப் போகத் தானே விடும். குளிப்பாட்டும்போது இழுத்துப் பார்க்காதீர்கள், பாட்டி சொன்னாலும் சரி. பெரிய பையனுக்கும் இறுக்கமாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு களிம்பு. வெள்ளையாகத் தழும்பு கட்டினால்தான் பெரும்பாலும் கத்தி.

கேள்வி: எய்ட்ஸைத் தடுக்கும் என்கிறார்களே?

உலக சுகாதார நிறுவனம் 2007இல் பரிந்துரைத்தது எச்.ஐ.வி. பரவல் மிகுந்த பகுதிகளுக்கு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60% குறைந்தது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தாங்களே சம்மதித்த ஆண்கள், பச்சிளங்குழந்தைகள் அல்ல.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். சுன்னத்து எங்களுக்குக் கடமை. எங்களைக் குற்றம் சொல்கிறீர்களா?

இல்லை. ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம் இதை உடற்காயம் என்றது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம், மருத்துவ முறைப்படி செய்யலாம் என்று சட்டம் போட்டது. உங்களிடம் நான் கேட்பது மூன்றே: மரத்துப்போக ஊசி போடுகிறார்களா என்று விசாரியுங்கள், குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். விவரம் தெரிந்த பையன் என்றால் மிட்டாய் காட்டி ஏமாற்றாமல் நடக்கப்போவதை அவனிடமே சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் வேண்டும் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன்.

என்னிடம் வந்தால் இருவரும் ஒத்துப்போகும்வரை செய்ய மாட்டேன்.