செக்கப் என்று சொல்லி ஒரு டெஸ்ட்

கேள்வி: எனக்கு சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து ஊசி போட்டுவிட்டார்கள். ஆரம்ப நிலைதானாம். மனைவியையும் கூட்டிவரச் சொல்கிறார் டாக்டர். அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. விஷயம் தெரிந்தால் குடும்பமே உடைந்துவிடும். ‘மாஸ்டர் செக்கப்’ என்று அழைத்துப்போய் இந்த டெஸ்டையும் எடுத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ஊசி உங்களுக்கு, நாடகம் மனைவிக்கா? நல்ல பங்கீடு!

இந்த நாடகம் ஓடாது. செக்கப் பேக்கேஜில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் இருக்கும், சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டு எடுத்து, நெகட்டிவ் என்றே வந்தாலும் வேலை முடியாது. தொற்றிய முதல் சில வாரங்களில் டெஸ்டில் தெரியாமல் போகலாம். அதனால்தான், கடந்த 90 நாளில் உங்களோடு உறவில் இருந்தவருக்கு ரிசல்ட் எப்படி இருந்தாலும் பென்சிலின் போடச் சொல்கிறார்கள். இடுப்பில் போடுகிற, நன்றாக வலிக்கிற ஊசி அது. சத்து ஊசி என்று சொல்லப் போகிறீர்களா? பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவரிடம்தானே கேட்க வேண்டும்?

தொந்தரவு இல்லை என்பதை நம்பாதீர்கள். சிஃபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது. பெண்களுக்கு உள்ளே, கண்ணில் படாத இடத்திலும் வரும். மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும், கிருமி போகாது. அவர் கர்ப்பமானால் குழந்தைக்கும் போகும், கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த டெஸ்டை எடுப்பது அதற்காகத்தான். நீங்கள் மறைத்ததை அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் சொல்ல, அவர் தனியாக நின்று கேட்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கும் ஒன்று: ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்பதில்லை. அவரிடமிருந்து உங்களுக்கே திரும்ப வரும்.

எப்படிச் சொல்வது என்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே சுகவாழ்வு மையம் என்று உண்டு. ஆலோசகர் இருப்பார், செலவில்லை. முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள், அப்புறம் இருவருமாகப் போங்கள். எச்.ஐ.வி. டெஸ்டையும் இருவரும் எடுத்துவிடுங்கள். அவருக்கு பாசிட்டிவ் என்று வந்தால், ‘உன்னால்தான் எனக்கு’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது. சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்கிறவரை உறவு வேண்டாம்.

வெளியே வேறு யாருடனாவது தொடர்பு இருந்ததா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால், டாக்டரிடம் போக வேண்டும் என்று அந்த நபருக்கும் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.